பிறக்கும் முன்பே முடிந்த வேலை!



ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 13 நிலை, 236 அடி உயரம். பல நூற்றாண்டுகள் பாதியில் நின்று, 1987ல் தான் முழுமை பெற்றது. உங்கள் காதிலோ, நீங்கள் பிறக்கும் முன்பே முடிந்த வேலை ஒன்று உண்டு!

செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் உள்ளன. அம்மா வயிற்றில், இரண்டாம் மாதத்திலேயே இவை குருத்தெலும்பாக உருவாகத் தொடங்கும்; நான்காம் மாதவாக்கில் எலும்பாக இறுகத் தொடங்கும். பிறக்கும்போதே பெரியவர்களுக்கு உள்ள அளவு வந்துவிடும். பிறகு கை, கால் வளரும், இவை வளராது. அங்கவடியின் உயரம், 3 மி.மீ., அளவுதான். உடலிலேயே மிகச் சிறிய எலும்பு இது.

செவிப்பறையின் அதிர்வை இவை மூன்றும் கைமாற்றி, உள்காதுக்கு அனுப்புகின்றன. அதனால்தான், சத்திரம் பஸ் ஸ்டாண்டில், 'ஸ்ரீரங்கம்... ஸ்ரீரங்கம்...' என்று கண்டக்டர் கூவுவது உங்களுக்குக் கேட்கிறது.

அங்கே குச்சி, ஊக்கு, ஹேர்பின் விட்டுக் குடையலாமா? செவிப்பறை கிழியலாம்; எலும்புகள் இடம் விலகலாம். சீழ் வடிவதை நாள்பட விட்டால், இந்த எலும்புகளையே அரித்துவிடும். எண்ணெய் ஊற்றாமல், உடனே பெற்றோரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

வகுப்பில் காது மந்தமான நண்பன் இருந்தால், கேலி வேண்டாம். முன் பெஞ்சில் இடம் கொடுங்கள். செய்வீர்கள்தானே!