பழஞ்சோறு எண்டால் ஏன் வெக்கம்?

பேராதனையில் எட்டு மணி விரிவுரைக்கு ஓடுகிறவர்களின் கையைப் பாருங்கள்: பணிஸ், ரொட்டி, ரோல்ஸ், பருப்புக்கறியோடு பாண். எல்லாம் கோதுமை மா. என் அறைத்தோழிக்கு இதில் ஒன்றும் ஆகாது. அவளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவளுடைய உடம்பே அவளுடைய சிறுகுடலைத் தாக்கத் தொடங்கிவிடும். "கொஞ்சந்தானே, ஒண்டும் செய்யாது" என்ற கதையெல்லாம் அவளிடம் சொல்லக்கூடாது.

சுப்பர் மார்க்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுதிய பெட்டிகள் இருக்குத்தான். மகாபொல காசுக்கு அது கட்டாது. அதனால் இரவுச் சோற்றில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி மூடி வைப்பாள். காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கிடைத்தால் தயிர். மிச்சக் கறிகள் இருந்தால் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு வத்தவிட்டுச் சுண்டக்கறி. அம்மம்மா மாதிரிக் குழைச்சு உருட்டித் தருவாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு பணிஸ் இறங்காது. (யாழ்ப்பாணத்தில் விடிய முதலே புளித்துவிடும். இங்கத்தைத் தை மாதக் குளிருக்கு அந்தப் புளிப்பு வரமாட்டேன் என்கிறது.)

மிச்ச இடியப்பத்தைக் கொத்தாக்கலாமே என்பீர்கள். கடை இடியப்பத்தை அரிசி என்று நம்ப ஏலாது, கோதுமை மா கலப்பவர்கள் பலர். புட்டும் அப்படித்தான். கொத்துக்கு விடுகிற சோயா சோஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

இவ்வளவு கவனமாகச் சாப்பிடுகிறவள், கதவைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். ஒருநாள் பக்கத்து அறை அக்கா பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, வீட்டில கஷ்டமோ?" என்று கேட்டுவிட்டா. எனக்குக் கோபம் அந்த அக்காவோடு இல்லை. இந்த நாட்டு வயல்களில் நெல் விளைகிறது, கோதுமை கப்பலில் வருகிறது. முதலில் அமெரிக்க உதவி மா வந்தது, பிறகு 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை வந்தது. கப்பலில் வந்த மா கௌரவமான காலைச் சாப்பாடு, சொந்த வயல் சோறு வறுமையின் அடையாளமா? எங்கள் சிங்களத் தோழிகள் இதையே தியபத் என்கிறார்கள். அவர்களும் அதை வீட்டோடு விட்டுவிட்டுத்தான் கம்பஸுக்கு வருகிறார்கள்.

கதவைத் திறந்து வைச்சுச் சாப்பிடுவம் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லிப் பார்க்கிறேன். "நீ திற, நான் பிறகு சாப்பிடுறன்" என்கிறாள்.