முட்டாள் வேறு, பிசகு வேறு

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் முப்பது கிலோமீட்டர் போனால் பிடதி. வெகுகாலம் அங்கே பிரசித்தம் தட்டு இட்லிதான். 1997-ல் டொயோட்டா கிர்லோஸ்கர் வந்து, 1999 கடைசியில் குவாலிஸ் தயாராக ஆரம்பித்த பிறகு, ஜப்பானியச் சொற்களும் இந்தப் பக்கம் புழங்கத் தொடங்கின. 'முடா' என்றால் வீண். நம் காதுக்குத் திட்டு போலக் கேட்கும். 'கெம்பா' என்றால் காரியம் நடக்கும் இடம். ஜப்பானில் கொலை நடந்த இடத்துக்கும் அதே சொல்தான். மேனேஜ்மென்ட் வகுப்பில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த சொல் 'போக்கா யோக்கே'. பாகத்தைத் தப்பாக மாட்டவே முடியாதபடி செய்துவிடும் ஏற்பாடு. முதலில் இதற்கு 'பாக்கா யோக்கே' என்று பெயர். 'பாக்கா' என்றால் முட்டாள், 'யோக்கே', தவிர்ப்பது. 1963 வாக்கில் ஒரு கார்பாடி தொழிற்சாலையில், இடது வலது பாகங்கள் மாறிப்போகாமலிருக்க இப்படி ஒன்றைப் பொருத்தினார்கள். காரணத்தைக் கேட்ட பெண் தொழிலாளி, தான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. விஷயம் ஷிகியோ ஷிங்கோ என்ற எஞ்சினியர் காதுக்கு எட்டியது. மெஷினை அப்படியே விட்டுவிட்டு பெயரை மாற்றினார். 'போக்கா' என்றால் கைப்பிசகு, யாருக்கும் வரும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் நழுவினால் பையனுக்குக் கிடைக்கும் பட்டங்களை இங்கே அச்சிட முடியாது.

அவர்களோடு வியாபாரம் பேசுகிறவர்கள் 'ஹை'யில் ஏமாறுவார்கள். அகராதியில் அதற்கு 'ஆமாம்' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் நாம் பேசப்பேச அவர் சொல்லும் ஹை, சம்மதம் அல்ல. பாட்டி கதைக்கு நாம் கொட்டிய 'உம்'. 'பரிசீலிக்கிறோம்' என்றால் பெரும்பாலும் காரியம் முடிந்தது. பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 'ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்' என்றவர்களைப் பார்த்த நமக்கு இது புரியாதா என்ன?

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ வருஷக்கணக்கில் வாதாடினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் அந்த வம்புக்கு வரவில்லை. ஆனால் ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'இத்தே கிமாஸ்' என்கிறார். சொல்லுக்குச் சொல், 'போய் வருகிறேன்'. கன்னடத்துக்காரர் 'ஹோகி பர்த்தீனி' என்பதும் இதுவே. உள்ளேயிருந்து பதில் வரும்: 'இத்தேராஷாய்'. போயிட்டு வா.