நீராகாரம், குவாஸ், ஒரு சிட்டிகை உப்பு

எங்கள் கிளையில் கல்விக் கடன் வாங்கி, ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். அப்பாவோடு தவணை விவரம் கேட்க வந்தவன், பேச்சுவாக்கில் அந்த ஊர்க் கோடையைப் பற்றிச் சொன்னான். அங்கே குவாஸ் என்று ஒரு பானமாம். ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியைக் காயவைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டு வடிகட்டிக் குடிப்பார்களாம். தாகத்துக்குத் தண்ணீரை விட அதுதான் நல்லது என்று அங்கே பாட்டிகள் சொல்வார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொட்டி என்ற இடத்தில் சோறு என்று போட்டால், அப்படியே எங்கள் அம்மா பேசுகிற மாதிரி இருக்கிறது!

நான் தஞ்சாவூர்ப் பக்கம். வெயில் எனக்குப் புதிதில்லை. ஆனால் திருவனந்தபுரத்து வெயில் வேறு ஜாதி. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை காயாது. காயாததால் உடம்பு குளிராது. குளிராததால் இன்னும் வேர்க்கும். மாற்றலாகி வந்த முதல் கோடையிலிருந்தே போனில் அம்மாவின் உபதேசம் ஒன்றுதான்: "காலையில நீராகாரம் குடிச்சுட்டுப் போடா, நாள் பூரா தாகமே எடுக்காது." இங்கேயும் பழங்கஞ்சிக்குக் குறைவில்லை. சட்டியில் தயிர், காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், மரச்சீனி, மீன் குழம்பு என்று வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புளித்த பானம் உண்மையிலேயே உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்குமா?

நான் பி.காம். படித்தவன், டாக்டர் இல்லை. வாசித்துப் புரிந்துகொண்டது இதுதான். வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் குடலில் ஏறும்போது, உப்பும் கொஞ்சம் குளுக்கோஸும் கூட இருந்தால் அவை தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றன. 1960களில் தெரியவந்த இந்தச் சங்கதியை வைத்துத்தான் 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். பன்காவ் முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கவே கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இந்தக் கணக்கில் நீராகாரத்தைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் இருக்கிறது. சோற்றின் மாவு குடலில் குளுக்கோஸாக மாறும். உப்பு? நாம் போட்டால்தான் உண்டு. புளிப்பு ருசியைத் தரும், வயிற்றுக்கு வேறு நன்மையும் தரலாம். ஆனால் தாகம் தீர்க்கிற வேலையைச் செய்வது தண்ணீரும் உப்பும்தான். குவாஸும் அப்படியே. அதில் உள்ள சொற்ப ஆல்கஹால், சுமார் ஒரு சதவீதம், தண்ணீரை வெளியே தள்ளிவிடாது. ஆனால் உப்பு குறைவு. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. 2016இல் பிரிட்டனில் 13 பானங்களைக் குடிக்கவைத்து, உடம்பில் எவ்வளவு தங்குகிறது என்று அளந்தார்கள். தண்ணீரைத் தெளிவாக மிஞ்சியவை ஓ.ஆர்.எஸ். கரைசலும் பாலும். நீராகாரமும் குவாஸும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, நம் பாட்டி சொன்னதும் ரஷ்யப் பாட்டி சொன்னதும் பாதி சரி.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் என் மகளுக்கு வாந்தியும் பேதியும். அம்மா போனில், "உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணி குடு" என்றார். படித்த மனுஷனான நான் அதைக் கேட்காமல், மருந்துக் கடையில் அந்த மூன்றெழுத்து பெரிதாக அச்சடித்த அட்டைப்பெட்டிப் பானத்தை வாங்கிவந்தேன். தித்திப்பாக இருந்ததால் மறுக்காமல் மூன்று பெட்டி குடித்தாள். பேதி அதிகமானது. ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் பெட்டியைத் திருப்பி, "எத்தனை கிராம் சர்க்கரை என்று படித்தீர்களா?" என்று கேட்டார். தினமும் அடுத்தவர் கடன் பத்திரத்தைப் பொடி எழுத்து வரை படிப்பவன் நான்! உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. சர்க்கரை அளவு மீறினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். மகள் இரண்டு நாளில் தேறிவிட்டாள். எனக்குத்தான் அந்த ராத்திரி இன்னும் மறக்கவில்லை.

2025 அக்டோபரில், இந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனாலும் பெட்டியைத் திருப்பிப் படிப்பது நம் வேலைதான்.

என் கட்சி இதுதான். வெயில் நாளில் தினப்படிக்கு உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ தாராளமாகக் குடிக்கலாம். காசு கொடுத்து வாங்கும் கலர் தண்ணீரை விட மேல். ஆனால் அது மருந்து இல்லை. வாந்தி பேதி என்றால் சரியான ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில். கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. அல்லது அன்று வடித்த கஞ்சியில் உப்பு. ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோற்றுத் தண்ணீரை நோயாளிக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

துபாயிலோ தோஹாவிலோ வெயிலில் நின்று வேலை பார்க்கும் தம்பி, அண்ணன் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ஊரிலிருந்து போனில் வரும் வைத்தியத்தை அப்படியே தள்ளவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். அடுத்த தடவை பேசும்போது, "அதுல உப்பு போட்டியா?" என்று மட்டும் கேளுங்கள்.

அம்மாவிடம் நான் தோற்ற கதையைச் சொல்லிவிட்டேன். "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். பாதிதான் சரி என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை :-)