பெயரோடு ஊரும் இருக்கட்டும்

காரை, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற ஊர்கள் இவை. நிலவியல் படித்தவர்களிடம் இதே பெயர்களைச் சொன்னால் பாறை அடுக்குகள்தான் நினைவுக்கு வரும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாகக் கிடந்த இந்த மண்ணை ஆராய்ந்த பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர், 1862-இல் பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே வைத்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். எந்த ஊர்ப் பக்கம் பாறை நன்றாக வெளியே தெரிகிறதோ அந்த ஊரின் பெயரே அதற்கும் ஆயிற்று. இன்றைக்கு ஜெர்மனியிலோ ஜப்பானிலோ ஓர் ஆய்வாளர் எங்கள் பக்கத்துச் சிப்பிப் படிவம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டுமானால் கல்லங்குறிச்சி என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

கல்லங்குறிச்சியில் பிறந்த பிள்ளையின் பெயரில் கல்லங்குறிச்சி இல்லை. அதுதான் என் ஆதங்கம்.

நான் செந்துறை வட்டாரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால் இரண்டு தலைப்பெழுத்துகள் உள்ள பெயர்கள் சாதாரணமாகக் கிடைக்கும். முதல் எழுத்து ஊர், அடுத்தது அப்பா. பக்கங்கள் நகர நகர முதல் எழுத்து குறைந்துகொண்டே வரும். நான் ஓய்வு பெறுகிற காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எழுத்துதான். ஒரு வகுப்பில் நான்கு கார்த்திக் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் ரா.கார்த்திக். பதிவேட்டால் அவர்களைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. பிள்ளைகளே தீர்த்துக்கொண்டார்கள்: குழுமூர் கார்த்திக், பொன்பரப்பி கார்த்திக், ஆனந்தவாடி கார்த்திக், இரும்புலிக்குறிச்சி கார்த்திக். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரவர் வீட்டில் காதில் விழுந்ததை வகுப்புக்குக் கொண்டு வந்தார்கள்.

வீட்டில் வேறு எப்படிப் பேசுகிறோம்? குன்னத்து அத்தை, லாடபுரத்துச் சித்தி, ஆண்டிமடத்துப் பெரியம்மா, திருமானூர் மாமா. கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். தாய்மாமன், பெரியப்பா, சம்பந்தி என்று எத்தனை பேர் போட்டாலும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊர் இருக்கும். ஊர் போடாமல் ஒரு உறவை அச்சடிக்க அச்சகத்துக்காரரே சம்மதிக்க மாட்டார். என் அப்பாயி விக்கிரமங்கலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்கள் தெருவுக்கு அவர் விக்கிரமங்கலத்தம்மா. அவர் இறந்தபோது ரேஷன் அட்டையில் உள்ள பெயரைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தோம். துக்கம் கேட்க வந்தவர்கள் பேனரின் முன் நின்று, யார் இது என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார்கள். மறுநாள் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது பெயருக்குக் கீழே விக்கிரமங்கலத்தம்மா என்று பெரிய எழுத்தில் சேர்க்கச் சொன்னோம். அதன் பிறகே சுற்றுவட்டாரத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் அரியலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. கல்கியின் நாவலைப் படித்த எல்லோருக்கும் தெரிந்த பழுவேட்டரையர்களின் பட்டத்துக்குள்ளேயே அந்த ஊர் இருக்கிறது. அவர்கள் சிற்றரசர்கள், நில உடைமைக்காரர்கள். அவர்களுக்கு ஊர்ப்பெயர் இருந்ததில் வியப்பில்லை என்று ஒதுக்கிவிடலாம். சோழர் கல்வெட்டுகளில் ஊரின் பெயரோடு 'உடையான்', 'கிழான்' என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டவர்களும் நிலம் வைத்திருந்தவர்கள்தாம். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இன்னொரு செய்தியையும் வைத்திருக்கிறது. ராஜராஜன் அந்தக் கோயிலுக்காகப் பல ஊர்த் தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். ஒவ்வொரு பெண்ணின் பெயரோடும் அவள் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள் என்பதையும் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் பிழைப்புக்காக இடம்பெயர்ந்த பெண்களுக்கு ஊர் எழுதத் தோன்றியிருக்கிறது.

உ.வே.சாமிநாதையரின் பெயரில் உள்ள 'உ' உத்தமதானபுரம். பாபநாசம் பக்கத்து ஊர் அது. அவர் பிறந்தது தாயாரின் ஊரான சூரியமூலையில், 1855-இல். இளமையில் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததில் பெரும்பங்கு எங்கள் மண்ணுக்கு உண்டு. அப்பாவின் கதாகாலட்சேபப் பிழைப்பு குடும்பத்தை அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அழைத்துக்கொண்டு போனது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று போகிற ஊரிலெல்லாம் அவருக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். இத்தனை ஊர் சுற்றியும் பெயரின் முதல் எழுத்து மாறவில்லை. தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோதும் முதல் அத்தியாயத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'எங்கள் ஊர்'. திரு.வி.க.வின் 'திரு' திருவாரூர். அண்ணாவின் முதல் எழுத்து காஞ்சிபுரம். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் எம் மதுரை, எஸ் அவருடைய தாயார் சண்முகவடிவு. ஊரும் தாயும் சேர்ந்த பெயர் அது. எனக்கு மிகவும் பிடித்த தலைப்பெழுத்தும் அதுதான்.

ஊர்ப்பெயர் ஒருவரோடு எப்போது ஒட்டுகிறது என்பதை யோசிக்க வேண்டும். செந்துறைக்குள் யாரும் யாரையும் செந்துறைக்காரர் என்பதில்லை. திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்குத்தான் அந்தப் பெயர் வரும். உலகம் முழுக்க இப்படித்தான். வான்கோ என்று நாம் சொல்கிற ஓவியரின் குடும்பப் பெயருக்கு கோஹ் என்ற ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள். அந்த ஊர் இன்று ஜெர்மனியின் எல்லைக்குள், நெதர்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் பிறந்ததோ சுண்டெர்ட் என்ற டச்சு ஊரில். எந்தத் தலைமுறையிலோ ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒருவரோடு அந்த ஊரும் புறப்பட்டிருக்கிறது. நெப்போலியனின் ஆட்சியில் 1811-இல் டச்சுக்காரர்கள் எல்லோரும் குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. பலருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. ஆணை அதைக் காகிதத்தில் நிலைநிறுத்தியது. இலங்கைக்கு வந்து தங்கிவிட்ட டச்சுக் குடும்பங்களின் வழிவந்த பறங்கியர் இன்னமும் 'வான்' என்று தொடங்கும் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்த ஊர்களைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் நெல்லூர்ப் பக்கத்துச் சர்வபள்ளியைக் கடைசி வரை பெயரில் வைத்திருந்தார். தெலுங்குக்காரர்களின் வீட்டுப்பெயர்களில் பாதிக்கு மேல் ஏதோ ஓர் ஊர் ஒளிந்திருப்பதுபோலவே தோன்றும். லதா மங்கேஷ்கரின் பெயரில் கோவாவின் மங்கேஷி இருக்கிறது. அம்பேத்கரின் பெயரில் இருப்பது ரத்தினகிரி மாவட்டத்து அம்படவே.

எங்கள் மாவட்டங்களிலிருந்து இன்று வெளியே போகாத வீடு குறைவு. லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் பக்கம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். மற்றவர்கள் சென்னை, கோவை, திருப்பூர். சரியாக ஊர்ப்பெயர் ஒட்ட வேண்டிய காலத்தில் அதை நாம் கழற்றிவிட்டோம். இதன் நடைமுறைத் தொல்லையைக் கடவுச்சீட்டு எடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நம்மிடம் அதில் எழுத ஒன்றும் இல்லை. சிலர் காலியாக விடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு வருகை விசாவில் வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் பதற்றம்! அப்பாவின் பெயர் கடவுச்சீட்டில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். பலர் அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பொதுவாக ஒரு எழுத்துகூட மிஞ்சாது. அலுவலகத்தில் நம்மை அழைக்கிறேன் என்று நம் அப்பாவை அழைப்பார்கள். பெண்களுக்கு இன்னும் கஷ்டம். கல்யாணத்துக்கு முன் ஒரு ஆணின் பெயர், பின் இன்னொரு ஆணின் பெயர். ஊர்ப்பெயர் இந்த மூன்று சிக்கலையும் ஒரே வீச்சில் தீர்க்கும். தலைமுறைக்குத் தலைமுறை மாறாது, மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல வரும், கல்யாணத்தால் போகாது.

மாவட்டத்தைப் பெயரில் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். செந்துறையில் 1990-இல் பிறந்தவருக்குச் சான்றிதழில் மாவட்டம் திருச்சி. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-இல் அரியலூர் பிரிந்தது, 2002-இல் மறுபடி சேர்க்கப்பட்டது, 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. இத்தனைக்கும் நடுவில் செந்துறை செந்துறையாகவே இருந்தது. எங்கள் பக்கம் ஊர்களுக்கே தலைப்பெழுத்து உண்டு: தா.பழூர், வி.களத்தூர், சு.ஆடுதுறை. ஒரே பெயரில் வேறு ஊரும் இருப்பதால் அடையாளம் குழம்பக் கூடாது என்று பெரியவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை அது.

இனி, லேசாகக் கடந்துபோக முடியாத ஒரு கேள்வி. சுயமரியாதை இயக்கம் 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொன்னது. தமிழ்நாடு அதை ஏற்று நடந்தது நம் பெருமை. ஊர்ப்பெயர் அந்தச் சாதியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து விடாதா? இதை என்னிடம் கேட்டவர் என் பழைய மாணவர். எங்கள் பள்ளிக்குக் காலனித் தெருவிலிருந்து வந்தவர். "ஊர்னா எந்த ஊரு சார்? நாங்க கடைக்கு வர்றப்பவே ஊருக்குள்ள போறோம்னுதானே சொல்லுவோம்" என்றார். ஊர் என்பது அவரை வெளியே நிறுத்திய சொல்லாகவே பல தலைமுறை இருந்திருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் மற்றவர்களுக்கு ஊரின் பெயர் மட்டும் இருக்க, அவர் பெயருக்கு எதிரே ஊரோடு காலனியும் இருந்தது.

நான் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எழுத வேண்டியது தெருவின் பெயரோ குடியிருப்பின் பெயரோ இல்லை, வருவாய்க் கிராமத்தின் பெயர். அது பட்டாவிலும் ரேஷன் அட்டையிலும் எல்லோருக்கும் ஒன்றே. அந்த ஊரின் ஏரியை வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள் யார்? அவர்களின் பேரப்பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர் முதலில் சொந்தம். 2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை எடுத்த இடத்தில் ஊரின் பெயர் முழு உரிமையோடு வந்து உட்கார வேண்டும். காலனித் தெருப் பிள்ளையும் பெரிய தெருப் பிள்ளையும் ஒரே ஊர்ப்பெயரோடு வேலைக்குப் போகும்போது வெளியூரில் இருப்பவருக்கு இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். சில ஊர்களின் பெயரே சாதியைக் காட்டிக் கொடுக்கும் என்பது உண்மைதான். அந்தப் பிள்ளைகள் வட்டத்தின் பெயரையோ பக்கத்துப் பெரிய ஊரின் பெயரையோ வைத்துக்கொள்ளட்டும். எவரையும் எதற்கும் கட்டாயப்படுத்த நான் சொல்லவில்லை.

தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசு ஆணை வந்தது. நல்ல ஆணை. அந்த எழுத்து எதைக் குறிக்க வேண்டும் என்பது மட்டும் பெற்றவர்கள் கையில் இருக்கிறது. சென்னையில் பிறந்த பிள்ளைக்கு எந்த ஊரை எழுதுவது என்று என் மகனே கேட்டான். அப்பாவின் ஊரோ அம்மாவின் ஊரோ, எந்த ஊர்த் திருவிழாவுக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறீர்களோ அந்த ஊரை எழுதுங்கள் என்றேன்.

பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்கப் பதினைந்து ஆண்டு வரை சட்டம் இடம் தருகிறது. முதல் ஓராண்டுக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வரும் ஜூனில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். பெயர் இன்னும் ஏறாமல் இருந்தால் ஊரையும் சேர்த்து, சுருக்காமல் முழுசாக எழுதிக் கொடுங்கள். பெயர் ஏறிவிட்டவர்களுக்கு அரசிதழ் வழி இருக்கிறது. சான்றிதழில் உள்ளதைத்தான் பள்ளியும் ஆதாரும் கடவுச்சீட்டும் கேட்கும்.