வெளிச்சம் ஒருவனுக்கு, இருட்டு இன்னொருவனுக்கா?

இரண்டாவது ஷிப்டு முடிந்து சங்கு ஊதும் நேரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வாயில்களைப் பாருங்கள், தோழர்களே! உருக்காலையிலிருந்தும் உருட்டாலையிலிருந்தும் வெளியேறும் தொழிலாளர் கூட்டம் சைக்கிளிலும் மொபெட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் கவரைப்பேட்டை, பொன்னேரி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று பிரிந்து செல்கிறது. எட்டு மணி நேரம் நெருப்பின் முன்னே நின்று களைத்த கண்கள் அவை. அந்தக் கண்களின்மீது, எதிரே வரும் வண்டியின் வெள்ளொளி ஈட்டிபோல் பாய்கிறது. ஒரு கணம் சாலை தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை, ஓரமாக நடந்து செல்லும் சகதொழிலாளியும் தெரியவில்லை.

ஒரு கணந்தானே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி கண் கூசினால் 50 மீட்டர்! ஐம்பது மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டச் சம்மதிப்பீர்களா? சம்மதிக்க மாட்டீர்கள். ஆனால் தடுப்பில்லாத கிளைச் சாலைகளில் இரவுதோறும் நம்மவர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம்! பெருமைப்பட வேண்டிய முதலிடமா இது? எல்லா விபத்துக்கும் விளக்கே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விபத்து மிகுந்த நேரம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்று மத்திய அரசின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றனவே, இருட்டும் நேரத்துக்கும் இறப்புக்கும் தொடர்பே இல்லையா?

இந்த நிலையில்தான் நம் இளைஞரிடையே ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. பழைய ஹெட்லைட்டைக் கழற்றி, வீட்டிலேயே புரொஜெக்டர் விளக்கு பொருத்துவது. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ பொருளை வாங்கி வருவது. ஞாயிற்றுக்கிழமை ஹீட் கன் வைத்து விளக்குக் கூட்டின் பசையை இளக்கிக் கண்ணாடியைப் பிரிப்பது. உள்ளே புது விளக்கை வைத்து மீண்டும் ஒட்டுவது. கையில் தொழில் உள்ளவன் செய்கிற வேலை. அந்தக் கைத்திறனை நாம் இகழவில்லை. ஒயரிங் தெரிந்த தொழிலாளி தன் வண்டியைத் தானே செப்பனிடுவது தவறென்று சொல்ல நாம் யார்? ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது?

புரொஜெக்டர் என்பது பூதமல்ல, எளிய பௌதிகம். பல்புக்குப் பின்னே நீள்வட்ட வடிவக் கண்ணாடிக் கிண்ணம். அது ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் ஒரு சிறு தகடு. மேலே போகவேண்டாத ஒளியை அது மறிக்கிறது. முன்னே குவிவில்லை, எஞ்சிய ஒளியைச் சாலைமீது வீசுகிறது. ஆகவே ஒளியின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக நிற்கும். விளிம்புக்குக் கீழே பகல்; மேலே இருட்டு. ஒழுங்காகப் பொருத்தினால், தனக்கு வழி தெரியும். எதிரே வருபவன் கண்ணும் பிழைக்கும். பழைய விளக்கைவிட நாகரிகமான விளக்கு என்றே சொல்லலாம்.

ஒழுங்காகப் பொருத்தினால்! அந்த ஒரு சொல்லில்தான் உயிர் ஊசலாடுகிறது. அரை அங்குலம் மேலே தூக்கிப் பொருத்தினால், சாலைக்கு வர வேண்டிய அத்தனை ஒளியும் எதிரே வருபவன் கண்ணுக்குப் போகிறது. இன்னொரு கேடும் உண்டு. நாம் இடப்புறம் செல்லும் நாட்டார். நம் விளக்கின் ஒளி விளிம்பு இடப்பக்கம் சற்றே உயர வேண்டும். சாலையோரம் நடப்பவனைக் காட்டுவதற்காக. வலப்புறம் செல்லும் நாடுகளுக்காகச் செய்த புரொஜெக்டரில் அந்த உயர்வு வலப்பக்கம் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி நம் வண்டியில் மாட்டினால், ஓரத்தில் நடப்பவனுக்கு இருட்டு. எதிரே வருபவன் கண்ணுக்கு நெருப்பு. டிம்மில்தானே போகிறேன் என்று ஓட்டுபவன் நினைப்பான். அவன் டிம்மே எதிரிக்குப் பிரைட்டாக இருக்கும்!

இதனினும் மோசம், புரொஜெக்டரே இல்லாமல், பழைய கிண்ணத்திலேயே கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பையோ எச்.ஐ.டி. பல்பையோ சொருகுவது. அந்தக் கிண்ணம் ஹாலஜன் பல்பின் சிறு இழைக்காக அளந்து செய்தது. வேறு பல்பை வைத்தால் ஒளி நான்கு திசையும் சிதறும். எச்.ஐ.டி. பற்றிக்கொள்ள இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாய்கிறது. அரைகுறையாகத் தொட்டால் ஆளையே அடிக்கும். 60/55 வாட் இருந்த இடத்தில் 100/90 வாட் பல்பு போட்டால், ரிலே இல்லாத மெல்லிய ஒயர் உருகும். வெளிச்சம் தேடிப் போனவன் வண்டியையே கொளுத்திக்கொள்வதா?

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இருக்கிறது. முன்விளக்கின் ஒளி, எட்டு மீட்டர் தூரத்தில், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள்: விதி பேசுவது வண்டிக்காரன் வசதியைப் பற்றியல்ல, எதிரே வரும் மனிதனின் கண்ணைப் பற்றி! 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாதென்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்திய சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

நல்லது. சட்டம் இருக்கட்டும். ஆனால் ஆளவந்தாரை நாம் கேட்கிறோம்: தொழிலாளி ஏன் விளக்கை மாற்றுகிறான்? ஆடம்பரத்துக்கா? அழகு காட்டவா? சிலர் அப்படியும் செய்யலாம். பலர் செய்வது, சாலை தெரியவில்லை என்பதால்! ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு மஞ்சளேறிய கண்ணாடி. கனரக லாரிகள் கிளப்பும் புழுதி. விளக்குக் கம்பம் இருந்தும் எரியாத வழித்தடம். இத்தனைக்கும் நடுவே வீடு போய்ச் சேர வேண்டும் அவன். சாலைக்கு விளக்குப் போடாதவர்கள், வண்டிக்கு விளக்குப் போட்டவனை மட்டும் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? ஐயாயிரம் ரூபாய் சீமானுக்கு ஒரு நாள் செலவு. நமக்கு அது ஒரு மாத அடுப்பு.

திருவள்ளூர் மாவட்டம் மோட்டார் தொழில் அறியாத மண்ணல்ல. 1998இலேயே இங்கு இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லேன்சர் கார் உருவாயிற்று. திருவள்ளூர் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்தில், ஜப்பானியக் கொய்ட்டோவின் தொழில்நுட்பத்தோடு வாகன முகவிளக்குகளே தயாராகின்றன. உலகத் தரமான விளக்கைச் செய்யும் கைகள் இம்மாவட்டத்தில் உள்ளன. அந்தக் கைகள் இருக்கும் மாவட்டத்தில், தரமான விளக்கை முறையாகப் பொருத்திச் சோதிக்க ஓர் இடம் வைப்பது முடியாத காரியமா?

முடியும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. 1967 செப்டம்பர் 3ஆம் நாள் சுவீடன் நாடு இடப்புறப் போக்குவரத்திலிருந்து ஒரே நாளில் வலப்புறத்துக்கு மாறியது. ஒளி விளிம்பு எதிரே வருபவன் கண்ணில் படக்கூடாதென்று, நாட்டில் ஓடிய வண்டிகளின் முகவிளக்குகளையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார்கள். அவரவர் வீட்டுத் திண்ணையில் தோன்றியபடியல்ல. அரசு திட்டமிட்டு, தேதி குறித்து, மக்களுக்குக் கற்றுக்கொடுத்து மாற்றினார்கள். அரசு நினைத்தால் ஆகும் என்பதுதான் அதன் பாடம்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. சிப்காட் வழித்தடங்களிலும் நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலைகளிலும் ஷிப்டு முடியும் நேரத்தில் விளக்குகள் எரிய வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் முகவிளக்கின் ஒளியைக் காசில்லாமல் சோதித்துத் திருத்தித் தர வேண்டும். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற கூடங்களில் இந்த வேலை பாடமாக வேண்டும். சட்டம் அனுமதிக்கும் தரமான விளக்குத் தொகுதி எது என்ற பட்டியல் தமிழில் ஒட்டப்பட வேண்டும். எளாவூர்ச் சோதனைச் சாவடியில் கனரக வண்டிகளின் விளக்குகளையும் பார்க்க வேண்டும். தரங்கெட்ட பொருளை விற்கும் கடைக்காரனை விட்டுவிட்டு, வாங்கிய தொழிலாளியை மட்டும் பிடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இது அரசுக்கு. இனி நமக்கு. தோழர்களே, கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை நம் கையிலேயே இருக்கிறது. மஞ்சளேறிய கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றினாலே, துருப்பிடித்த எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே, பழைய விளக்கில் பாதி வெளிச்சம் திரும்பும். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், அபராதமும் கிடையாது. பிறகு இரவில், சமதரையில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். வழக்கமாக ஏற்றும் பாரத்தோடும் ஆளோடும் நிறுத்துங்கள். பின்னே பாரம் ஏறினால் முன்னே ஒளி தூக்கும். டிம் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். தாழவில்லையா? திருகைத் திருப்புங்கள். காலணாச் செலவில்லை. ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் வாசற்சுவரில் ஒரு கோடு போட்டு வைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நூறு வண்டிகளைச் சரிபார்க்கலாம்.

எதிரே வருபவன் யார்? முதலாளியா? பெரும்பாலும் இல்லை. அடுத்த ஷிப்டுக்கு ஆலை நோக்கி விரையும் நம் தோழன்தான் அவன். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைக்க வந்து, விளக்கில்லாத சைக்கிளில் சாலையோரம் செல்லும் இன்னோர் உழைப்பாளி அவன். அவன் கண்ணை அவித்து நம் பாதைக்கு ஒளி தேடலாகாது. உரிமைக்காக ஓங்கும் கை, டிம் சுவிட்சுக்காகவும் ஒருமுறை அசையட்டும். சாலை இருவருக்கும் பொது. வெளிச்சமும் இருவருக்கும் பொதுவாகட்டும்!