திட்ட வேண்டியது ஸ்டாப்பரை அல்ல

செம்மநத்தம் மலையில் பையன்கள் ஆடினாலும் சரி, சென்னை நேரு ஸ்டேடியம் என்றாலும் சரி, கோல் விழுந்தால் ஒரே சத்தம்தான்: "உன் ஆளை ஏன்டா விட்டே?" கேள்வியே தப்பு!

1953-ல் லண்டன் வெம்பிளியில் ஹங்கேரியின் 9-ஆம் நம்பர் ஹிடேகுட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி பாஸ் வாங்கினார். இங்கிலாந்து ஸ்டாப்பர் ஜான்ஸ்டன் கூடவே போனால் கோல் முன்னே ஓட்டை. போகாவிட்டால் ஹிடேகுட்டியைத் தடுக்க ஆளில்லை. அவர் மட்டும் 3 கோல், முடிவு 6-3.

ஜான்ஸ்டன் என்ன செய்வார்? இறங்கும் ஆளை ஒரு ஹாஃப் பேக்கிடம் ஒப்படைத்திருந்தால் ஸ்டாப்பர் தன் இடத்திலேயே நின்றிருப்பார். இங்கிலாந்து பாடம் படிக்கவில்லை. 1954 மே, புடாபெஸ்ட்: 7-1!

எதிரணி வியூகம் மாறினால் யார் ஆளைப் பிடிப்பது, யார் இடத்தைக் காப்பது என்று சொல்லித் தருவது கோச்சின் வேலை. அதைச் செய்யாதவருக்குப் பையனைத் திட்ட உரிமை ஏது?