ஆந்தைக்குக் கல் எறியாதீர்!

லயத்துப் பக்கம் ஆந்தை கத்தினால், "சாவு வரப்போவுது" என்று கல்லெடுக்கிறோம். சின்ன வயதில் நாமும் எறிந்தவர்கள்தாம். செம்பனைக் காட்டில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதே அந்த வெள்ளை முகக் கூகைக்காகத்தான். குலையைக் கடிக்கும் எலியை அது இரவெல்லாம் பிடிக்கிறது, சம்பளம் கேட்பதில்லை.

வரும் ஞாயிறு பிள்ளைகளோடு பெட்டியடிக்குப் போய்ப் பாருங்கள். கறுப்பு உருண்டைகள் கிடக்கும். எச்சமல்ல, செரிக்காமல் கூகை கக்கியது. கையுறை போட்டு எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் எலி மண்டையோடு வரும். யாருக்கு அதிகம் என்று போட்டி வையுங்கள், பிள்ளைங்க விடமாட்டாங்க! பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பெட்டியில் ஏற மட்டும் விடாதீர்கள்.

நிர்வாகத்தாருக்கும் ஒரு வார்த்தை. கடும் எலி மருந்து தின்ற எலியைத் தின்று கூகையும் சாகிறது. பெட்டியையும் வைத்து, அந்த மருந்தையும் போட்டால் எப்படி ஐயா?